கலைச்சொல் விவாதம்: எல்லா இடத்துக்கும் கட்டிச் செல்லும் உயர்வகைக் கைக்கடிகாரத்துக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் முடிவாகாமல் நிற்கும் ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் கடைத்தெருவுக்கும் கழற்றி மாற்றாமல் ஒன்றையே கட்டிக்கொண்டு போகும்படி அமைந்த உயர்விலைக் கைக்கடிகாரத்தைக் கடிகாரப் பிரியர்கள் 'கோ எனிவேர், டூ எனிதிங்' என்று சொல்லி, முதலெழுத்துகளைச் சேர்த்துக் 'காடா' எனச் சுருக்குகிறார்கள். அதையே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒரு நண்பர். தமிழில் காடா என்றால் வெளுக்காத முரட்டுத் துணி. சில லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

இதுவரை வந்த முன்மொழிவுகளில் 'முறைசார்–முறைசாரா உடைக் கடிகாரம்' என்பது ஆங்கிலத்தின் நிழல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். 'ஈரவைக் கடிகாரம்' இரண்டு அவைகளுக்கும் உரியது என்ற பொருளில் ஆக்கப்பட்டிருந்தாலும், படிப்பவர் கண்ணில் முதலில் படுவது ஈரம்தான். 'இசைகடிகாரம்' என்பதை காரைக்குடிக்காரன் என்ற முறையில் நான் விரும்பியிருக்க வேண்டும்; எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமான இசைகுடிமானத்தில் இருப்பதும், இசைவு என்று பொருள்படும் அந்த 'இசை'தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்பவர் மணிக்கொரு முறை பாட்டுப் பாடும் சுவர்க்கடிகாரத்தை எதிர்பார்ப்பார்.

'இருமுகக் கடிகாரம்' மட்டும் சற்று நின்று பேச வேண்டிய சொல். 1931-இல் ஜெகர் லெகூல்த்ர் நிறுவனம் வெளியிட்ட ரிவெர்சோவை நினைத்து அது ஆக்கப்பட்டிருக்கலாம். இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் பந்தும் மட்டையும் பட்டு உடைந்ததால், முகத்தைப் புரட்டி உலோக முதுகை வெளியே காட்டும்படி செய்யப்பட்டது அது. ஆயினும் நாம் பெயரிட முயலும் பொருள் புரள்வதில்லை. 1953-இல் வந்த ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரரை எடுத்துக்கொள்ளுங்கள்: 36 மில்லிமீட்டர் எஃகுக் கூடு, கறுப்பு முகப்பு, 3, 6, 9 என்ற எண்கள், மூன்று முள், அவ்வளவுதான். மலையேறுபவருக்கென்று விற்கப்பட்ட அது கோட்டுக்கும் பொருந்தியது, தன் முகத்தை மாற்றிக்கொள்ளாமலேயே. இரண்டு வேடம் போடுவது வேறு, ஒரே உருவில் இரண்டு இடத்திலும் மதிப்போடு நிற்பது வேறு; நமக்கு வேண்டிய சொல் பின்னதைச் சொல்ல வேண்டும்.

'முறைசார் உடை' என்ற கருத்தே நம் பக்கத்தில் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். ஜெனீவாவில் அவைக்கென்று செய்யும் கடிகாரம் மெலிதாக இருக்கும், தோல்பட்டையில் இருக்கும், முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டிக்குள் நழுவி மறையும். காரைக்குடியிலோ அவைக்குரிய உடை என்பது கரைவேட்டியும் அரைக்கைச் சட்டையும். மறைக்கப் பட்டியே இல்லை. மணிக்கட்டில் இருப்பது பந்தியில் எதிர்வரிசைக்காரர் வரை தெரியும். சென்ற சித்திரையில் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு என் மெல்லிய தோல்பட்டைக் கடிகாரத்தைக் கட்டிப் போனேன். முதல் பந்தியில் கூடமாட நின்று பரிமாறியதில் பட்டை வியர்வையில் ஊறிப் பின்பக்கம் கறுத்தது. கை கழுவுகையில் தண்ணீர் பட்டு, மாலைக்குள் கண்ணாடியின் உள்பக்கம் 6 என்ற எண்ணுக்கு அருகே கடுகளவு ஆவி படிந்தது. கடிகாரத்தின் முதுகில் '30 மீட்டர்' என்று பொறித்திருந்தது. அது முப்பது மீட்டர் ஆழத்துக்குள் இறங்கலாம் என்ற உறுதிமொழி அன்று. ஆய்வுக்கூடத்தில் ஏற்றிய அழுத்தத்தின் கணக்கு. தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு மேல் அதை நம்பக் கூடாது. கல்யாண வீட்டில் சும்மா நிற்பவரும் நம் ஊரில் இல்லை என்பதால், அவைக்குரியதும் உழைப்புக்குரியதும் இங்கே ஒரே பகலில் ஒன்றாகிவிடுகின்றன.

இனி என் முன்மொழிவு. தமிழர் கடிகாரத்தை அணிவதில்லை. கட்டுகிறோம், வேட்டியையும் சேலையையும் கட்டுவது போலவே. 'என்ன வாட்ச் கட்டியிருக்கீக?' என்றுதான் கேட்பார்கள். ஆகவே 'கட்டு' என்பதையே அடிச்சொல்லாகக் கொண்டு மூன்று சொற்களை ஒரு குடும்பமாக ஆக்கலாம். மெலிதாய்த் தோல்பட்டையோடு வருவது அவைக்கட்டுக் கடிகாரம். முக்குளிப்பவருக்கும் விமானிக்கும் என்று தடிப்பாய்ச் செய்வது வினைக்கட்டுக் கடிகாரம். இரண்டுக்கும் ஆவது பொதுக்கட்டுக் கடிகாரம்.

'பொது' என்றால் மலிவு என்ற எண்ணம் எழும் என்பது எனக்குத் தெரியும். பொதுக்குழாய், பொதுக்கழிப்பறை என்று பழகிய காதுக்கு அது இயல்பு. ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்குள் வந்து பாருங்கள். நான்கு புள்ளி, அதாவது மணமான நான்கு பேரின் குடும்பங்கள், இருக்கும் வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுமுற்றமான வளவைச் சுற்றி அறைகள் உண்டு; அவை சிறியவை, இருட்டானவை, பெட்டகமும் பாயும் வைத்ததும் நிறைந்துவிடுபவை. பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் முகப்பும், ஆத்தங்குடிக் கல் பதித்த தளமும், வளவும் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஐயாக்கள் கடல் கடந்து ஈட்டிய பணத்தில் பெரும்பகுதி அந்தப் பொதுவிடத்தில்தான் கொட்டப்பட்டிருக்கிறது. அங்கேதான் கல்யாணம் நடக்கிறது, அங்கேதான் வடகமும் காய்கிறது. நாம் தேடும் கருத்துக்கு இதைவிடச் சரியான உவமை எனக்குத் தோன்றவில்லை.

வரையறையிலும் கறாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் பொதுக்கட்டு என்று விற்பார். கூட்டின் விட்டம் 36 முதல் 40 மில்லிமீட்டருக்குள், தடிமன் 12-க்குள், நீர்தாங்கல் 100 மீட்டருக்குக் குறையாமல், சுழலும் விளிம்பு வளையம் இல்லாமல், முகப்பில் நேரமும் மிஞ்சினால் தேதியும் மட்டும் இருக்க வேண்டும் என்று எழுதலாம். கண்ணாடி செயற்கை நீலக்கல்லாக இருப்பது நலம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 9 என்பதால் சாவிக்கொத்து உரசினாலும் கீறல் விழாது. எஃகுச் செயினோடு வாங்கி, விருப்பப்பட்டால் பட்டை மாற்றிக்கொள்ளலாம். நான் இதில் அதிகம் பார்ப்பது மெருகைத்தான். செயின் கண்ணிகளின் மேற்பரப்பு கம்பித்தூரிகையால் இழுத்தது போல் மங்கலாகவும், ஓரங்கள் மட்டும் பளபளப்பாகவும் இருந்தால் கை அசையும்போது மட்டும் ஒரு கோடு மின்னி அடங்கும். முழுவதும் மின்னுவது கடைத்தெருவில் கூசும், முழுவதும் மங்கலானது மணவறையில் சோபிக்காது. 1972-இல் ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்த ஓடமார் பிகேயின் ராயல் ஓக், எஃகில் செய்ததாயினும் பல தங்கக் கடிகாரங்களை விட அதிக விலைக்கு வந்தது. அதன் எண்கோண விளிம்பைப் பார்த்தால் இந்த மெருகுக் கலப்பு புரியும்.

'லக்சுரி' என்பதற்கு ஆடம்பரம் என்று போட வேண்டாம். அதில் வசவு இருக்கிறது. சொகுசு என்றால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. 'உயர்வகை' போதும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

—

காரைக்குடி அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

பொதுவுக்கு நீங்கள் சொன்ன காரணம் ஏற்கத்தக்கது. எனக்கு இடிப்பது 'கட்டு'. 'அவர் கையில் பொதுக்கட்டு' என்று ஒருவர் எழுதினால், விழுந்து எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார் என்றே எங்கள் ஊரில் நலம் விசாரிப்பார்கள். அத்துடன் 'வினைக்கட்டு' என்பதில் முன்வினையும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

கோவையிலிருந்து

—

தம்பிக்கு,

மாவுக்கட்டை நான் நினைக்கவே இல்லை, சிரித்துவிட்டேன். 'கடிகாரம்' சேராமல் 'கட்டு' தனியே வரக் கூடாது என்று பதிவிலேயே குறிப்பிட்டுவிடுவோம். வினைக்கட்டை விட்டுவிட்டுப் 'பணிக்கட்டுக் கடிகாரம்' என்று கொள்ளலாம். பணி என்பதற்கு அணிகலன் என்ற பழம்பொருளும் இருப்பதால் ஒரு மயக்கம் வரும், ஆனால் அடுத்து அவைக்கட்டு நிற்கும்போது எவரும் அப்படிப் படிக்க மாட்டார். வேறு மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து