ஆளில்லாத கட்டடத்துக்கு வாடகை: வரி கட்டுகிறவர் நகரத்தின் குத்தகையை உடைக்கலாமா?

அல்சூர் வரிகட்டி
ஏப்ரலுக்குள் சொத்து வரி கட்டி 5 சதவீதத் தள்ளுபடியைக் கறாராக வாங்குகிறோம். அந்தப் பணம் போகும் இடத்தைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒருவர் கேட்டார்.

2016 கடைசியில் அந்த மாநகராட்சி ஆஷ் தெரு 101 என்ற பழைய 19 மாடிக் கட்டடத்தை 20 வருடக் குத்தகைக்கு எடுக்க முடிவு செய்தது. மொத்தம் சுமார் 12.8 கோடி டாலர். குத்தகைப் பணம் முழுவதையும் செலுத்தி முடித்தால் கட்டடம் நகரத்துக்கே சொந்தம். ஊழியர்கள் 2019 டிசம்பரில் குடிபோனார்கள், 2020 ஜனவரியில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) பிரச்சினையில் வெளியே வந்தார்கள். காலிக் கட்டடத்துக்கு மாதம் 5 லட்சம் டாலருக்கு மேல் வாடகை! நகரம் செப்டம்பரில் வாடகையை நிறுத்தியது. வரி கட்டும் ஒரு குடிமகன் குத்தகையே செல்லாது என்று வழக்குப் போட்டார்.

அவர் செய்தது சரி என்கிறேன். நம் பெங்களூரும் இப்போது ஐந்து மாநகராட்சி. ஐந்துக்கும் ஆபீஸ் வேண்டும். யார் எங்கே எத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள் என்று பார்க்க ஆள் வேண்டாமா?

ரிட்டையர்டு கணக்கர்
தம்பி, கையெழுத்துப் போட்டது யார்? தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். 1960களில் எழும்பிய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று தெரியாமலா போட்டார்கள்? ஒழுங்காகப் பரிசோதிக்காதது வாங்கியவன் தப்பு.

தெருவில் போகிற ஒருவர் வழக்குப் போட்டு ஒப்பந்தத்தை உடைக்கலாம் என்றால், நாளைக்கு மாநகராட்சிக்கு எவன் இடம் கொடுப்பான்? கொடுத்தாலும் அந்தப் பயத்துக்கும் சேர்த்து வாடகை ஏற்றுவான். அதையும் நீதான் கட்டுவாய்.

ஜெயநகர் வக்கீலம்மா
கணக்கர் சார், தெருவில் போகிற எவரும் போட முடியாது. கலிபோர்னியா உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 526-ஏ என்று ஒரு பிரிவு. வழக்குப் போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் அந்த உள்ளாட்சிக்கு வரி கட்டியவர் அல்லது கட்டக் கடமைப்பட்டவர், சட்டவிரோதச் செலவையும் வீண் செலவையும் தடுக்கக் கேட்கலாம்.

வழக்கின் உயிர் ஆஸ்பெஸ்டாஸில் இல்லை, கடன் வரம்பில் இருக்கிறது. ஒரு வருட வருமானத்தை மீறி நகரம் கடன்பட்டால் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும் என்கிறது அந்த மாநில அரசமைப்பு. குத்தகைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 1942இல் ஆஃப்னர் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் போட்ட வழி அது: அந்தந்தக் காலத்தில் அனுபவித்த இடத்துக்கு அப்போதைக்கப்போது கொடுப்பது வாடகை, அதை மொத்தக் கடனாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்படியானால் அனுபவிக்க முடியாத மாதம் வாடகை நிற்க வேண்டும் அல்லவா? ஆஷ் தெரு ஒப்பந்தத்தில் இடம் உபயோகப்படாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும், ஆகவே இது வாடகை வேடம் போட்ட கடன், வாக்கெடுப்பு இல்லாததால் செல்லாது. இதுதான் வாதம்.

ரிட்டையர்டு கணக்கர்
வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் ஊராக நகரங்கள் குத்தகைக்குப் போவதே அந்த வாக்கெடுப்பைத் தவிர்க்கத்தான். 80 வருடமாக நீதிமன்றம் திறந்துவைத்த வாசல் வழியாகப் போனவனைத் திருடன் என்றால் எப்படி?

பெல்லந்தூர் ஐடி
அந்த ‘நிற்க வேண்டும்’ எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் எங்கள் சின்ன ஆபீஸின் பேஸ்மென்ட் நிரம்பி ஜெனரேட்டர் மூழ்கியது. லிஃப்ட் இல்லை, கரன்ட் இல்லை, வாசலில் டிராக்டர். ஓனர் பைசா குறைக்கவில்லை. ‘எக்காரணம் கொண்டும்’ என்ற வரியில் விரல் வைத்துக் காட்டினார்.

ஜெயநகர் வக்கீலம்மா
சொத்து மாற்றச் சட்டம் 108ஆம் பிரிவில் தீ, வெள்ளத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் இடம் கணிசமாகவும் நிரந்தரமாகவும் உபயோகமற்றுப் போனால்தான் குத்தகையை ரத்து என்று சொல்லலாம். சில நாள் தண்ணீருக்கு அது உதவாது. வாடகை நிறுத்தும் பிரிவை அக்ரிமென்ட்டில் நாமே எழுதி வாங்க வேண்டும்.

அல்சூர் வரிகட்டி
முக்கியமான ஆளை விட்டுவிட்டோம். நகரத்துக்குச் சம்பளமில்லாமல் ஆலோசனை சொன்ன ரியல் எஸ்டேட் புள்ளி, இந்தக் கட்டடத்திலும் இன்னொரு கட்டடத்திலும் சேர்த்து, குத்தகைக்கு விட்ட எதிர்த்தரப்பிடமிருந்தே 94 லட்சம் டாலர் வாங்கியிருந்தார். அரசு ஒப்பந்தத்தில் சுயலாபம் பார்த்த குற்றத்தை 2023இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பினார். இதற்கும் வாங்கியவன் தப்பா சார்?

சிவாஜிநகர் பையன்
இலவசமாக வேலை செய்கிறேன் என்று வரும் புரோக்கரை எங்கள் ஏரியா டீக்கடையில் உட்காரவே விடமாட்டோம்.

ரிட்டையர்டு கணக்கர்
அந்த ஆளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கடைசிக் கணக்கைப் பாருங்கள். 2022இல் மன்றம் 6க்கு 3 என்று வாக்களித்துச் சமரசம் செய்து, இரண்டு கட்டடங்களையும் சுமார் 13.2 கோடி டாலருக்கு வாங்கியது. நகரத்தின் சொந்த வக்கீலே வேண்டாம் என்றார். ஊழியர்கள் உட்கார முடியாத கட்டடம் சொந்தமாகிவிட்டது! வழக்கால் வரி கட்டுகிறவன் பையில் என்ன விழுந்தது?

அல்சூர் வரிகட்டி
வழக்கைக் கடைசிவரை நடத்தாமல் சமரசத்துக்குப் போனது மன்றம். அந்தப் பழியை வழக்குப் போட்டவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? செல்லாது என்று தீர்ப்பு வந்திருந்தால் கட்டிய வாடகையைத் திரும்பக் கேட்டிருக்கலாம்.

ரிட்டையர்டு கணக்கர்
தோற்றிருந்தால்? நிறுத்திவைத்த வாடகையும் வட்டியும் வக்கீல் ஃபீஸும் யார் கட்டுவது? நான் அந்த மன்றத்தில் இருந்தாலும் 6 பேரோடுதான் கை தூக்கியிருப்பேன்.

பெல்லந்தூர் ஐடி
இங்கே இப்படி வழக்குப் போட முடியுமா அக்கா?

ஜெயநகர் வக்கீலம்மா
526-ஏ போல நேரான பிரிவு இல்லை. உயர் நீதிமன்றத்தில் நம் அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் பொதுநல வழக்குப் போடலாம், 1981 எஸ்.பி. குப்தா தீர்ப்புக்குப் பிறகு ‘உனக்கென்ன நஷ்டம்’ என்று எடுத்தவுடன் துரத்துவது குறைவு. ஆனால் வாடகை ஜாஸ்தி என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் கை வைக்காது. நடைமுறை மீறல், பாரபட்சம், உள்நோக்கம் காட்ட வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். 10 ரூபாயில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுப் போடுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள்.

அல்சூர் வரிகட்டி
போடுகிறேன். அக்ரிமென்ட் நகல், இடைத்தரகர் யார், வாடகை நிறுத்தும் பிரிவு உண்டா, மூன்றும் கேட்கிறேன்.

ரிட்டையர்டு கணக்கர்
மூன்றையும் ஒரே மனுவில் போட்டுத் தொலைக்காதே, ஒரே விஷயம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அக்ரிமென்ட்டை மட்டும் கேள், மற்ற இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும். வந்ததும் எனக்கு அனுப்பு. கணக்கு சரியாக இருந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, சம்மதமா?