கடுவன் பூனை முக்குது, மூத்திரம் வருகுதில்ல, அவசரம், ஆராவது சொல்லுங்க

உவர்மலை_சிங்கன்_வீடு:
எல்லாருக்கும் வணக்கம், திருகோணமலை உவர்மலையில இருந்து எழுதுறன். எங்கட கடுவன் பூனை சிங்கன், நாலு வயசு, கருத்தடை ஒப்பரேஷன் செஞ்சது, வீட்டுக்குள்ளதான் கூட இருக்கும். நேத்து இரவு இருந்து மண் பெட்டிக்குப் போய் குந்துது, முக்குது, ஒண்டும் இல்லாம எழும்பி வருது, கொஞ்ச நேரத்தில திரும்பப் போகுது. பாத்ரூம் சீமெந்து நிலத்திலயும் போய் குந்துது. பின்பக்கத்த விடாம நக்குது, கத்துற சத்தமும் வழமையான சத்தம் இல்ல. விடிய மீன் வெட்டேக்க கூட எழும்பி வரல்ல, கீரி மீன் எண்டா மணத்துக்கே ஓடி வாறவன். அம்மா சொல்லுறா மலச்சிக்கல், கொஞ்சம் தேங்காண்ணெய் பருக்கு எண்டு. பக்கத்து வீட்டு மாமி இளநீர் குடுத்தா உடைச்சுக்கொண்டு போகும் எண்டுறா. இண்டைக்கு ஞாயிறு, கவர்மென்ட் மிருக வைத்தியர் ஒபிஸ் பூட்டு. நாளைக்கு விடியும் மட்டும் பாக்கலாமா?

பாலையூற்று_அக்கா:
தங்கச்சி, நாளைக்கு மட்டும் வைக்க வேணாம், இப்பவே வெளிக்கிடுங்க. கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கி ஒண்டும் வரல்ல எண்டா, மூத்திரக் குழாய் அடைச்சிருக்கு எண்டுதான் எடுக்கணும், இல்ல எண்டு சொல்லுறது டொக்டர்ட வேலை. பாக்க மலச்சிக்கல் போலதான் இருக்கும், அதாலதான் கனபேர் ஒரு நாள விட்டுட்டு நிப்பாங்க. கடுவனுக்கு அந்தக் குழாய் நீளம், நுனியில நல்ல ஒடுக்கம், சளியும் பளிங்குத் தூளும் சேந்து இறுகினாலே போதும், கல்லு கூட தேவையில்ல. வழி பூட்டுப்பட்டா அழுத்தம் கிட்னிக்குத் திரும்பும், ரத்தத்தில கழிவு ஏறும், பொட்டாசியமும் ஏறும், பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்புக் குழம்பும். முழு அடைப்பு எண்டா 24 மணித்தியாலத்துக்குப் பிறகு நிலைமை கெதியா மோசமாகும், 2, 3 நாளில உயிரே போயிரும். சாப்பாட்ட மறுக்குது எண்டுறீங்க, அதுவே போதும் ஓடுறதுக்கு. சத்தி எடுக்கிறது, சோந்து படுக்கிறது, உடம்பு குளிர்றது எல்லாம் அதுக்கு அடுத்த கட்டம், அது வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதீங்க.

மாமிக்கு நல்ல மனசு, ஆனா இளநீர் கட்டாயம் வேணாம், இளநீரில பொட்டாசியம் கூட, சிங்கன்ட ரத்தத்தில இப்ப ஏறிக்கொண்டிருக்கிறதும் அதுதான். வழி பூட்டியிருக்கேக்க மூத்திரத்தக் கூட்டுற எதக் குடுத்தாலும், பார்லித் தண்ணி எண்டாலும் நீர்முள்ளி எண்டாலும், மூத்திரப்பை இன்னும் வீங்கும். தேங்காண்ணெயும் வேணாம், பருக்கேக்க சுவாசப்பைக்குள்ள போனா அது வேற வருத்தம். வயித்த அமத்திப் பாக்காதீங்க, நிறைஞ்ச பை வெடிச்சிரும். பிறகு பனடோல், ஒரு சின்னத் துண்டு கூட குடுக்கக் கூடாது, பூனைட ஈரலால அத உடைக்க ஏலாது, வலிக்கு எண்டு குடுத்து செத்த பூனைகள் எத்தனையோ.

கிண்ணியா_பூனை_நேசன்:
அக்கா சொல்றது முழுக்கச் சரி. ஒண்டு மட்டும் சேக்கிறன், போக முன்னுக்கு போன் பண்ணுங்க. பிரைவேட்டா பாக்கிற மிருக டொக்டர்மாருக்கு எடுத்து, கடுவன் பூனை, மூத்திரம் அடைச்சிரிக்கி, கதீற்றர் (மூத்திரக் குழாய்க்குள்ள விடுற மெல்லிய ரியூப்) போட வசதி இரிக்கா எண்டு நேரடியாக் கேளுங்க. சும்மா பூனைக்குச் சுகமில்ல எண்டு சொன்னா பின்னேரம் வாங்க எண்டுருவாங்க, அடைப்பு எண்டு சொன்னாத்தான் அவங்களுக்கு அவசரம் விளங்கும். கதீற்றர் இல்ல எண்டா, ஊசியால பையில இரிக்கிற மூத்திரத்த இழுத்து எடுத்து விட ஏலுமா எண்டு கேளுங்க, அது டொக்டர்தான் செய்யணும், அடைப்பு தீராது, ஆனா வேற இடத்துக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்கும். கடைசி வழி பேராதனைப் பல்கலைக்கழகத்திட மிருக வைத்திய போதனா வைத்தியசாலை, ஹபரணை தம்புள்ளை தாண்டிப் போகணும், தூரம்தான், அதாலதான் முதல்ல ட்ரிங்கோவுக்குள்ள அழுத்தத்த இறக்கிட்டுப் போகச் சொல்றன், போக முன்னுக்கு அங்கயும் ஒரு கோல் எடுத்து ஆள் இரிக்கிறாங்களா எண்டு கேளுங்க. காட்போட் பெட்டியில துவாய் விரிச்சு, ஓட்டைகள் போட்டு, மேல துணி மூடிக் கொண்டு போங்க, ஓட்டோவில மடியில வைச்சா பயந்து பாஞ்சிரும்.

மட்டிக்கழி_ராசா:
இவ்வளவு பயப்படத் தேவையா? எங்கட பெட்டைப் பூனையும் போன வருசம் இப்பிடித்தான், சொட்டுச் சொட்டா, ரத்தமும் கலந்து போனது, மெத்தையிலயும் பெய்து வைச்சுது. அன்ரிபயோட்டிக் ஊசி போட்டாங்க, ஒரு கிழமையில சுகம். திங்கள் கொண்டுபோனாலும் சரிதான் எண்டு நினைக்கிறன்.

பாலையூற்று_அக்கா:
ராசா தம்பி, உங்கட பெட்டைக்குச் சுகம் வந்தது சந்தோசம், ஆனா அது வேற, இது வேற. பெட்டைக்கு குழாய் அகலம், கட்டை, அடைக்கிறது மிச்சம் குறைவு. சொட்டாவது வந்தா வழி முழுசா பூட்டேல்ல, ஒரு நாளுக்குள்ள டொக்டரிட்ட காட்டினாச் சரி. கடுவனுக்கு சொட்டு வந்தாலும் நான் அண்டைக்கே கொண்டு போவன், பாதி அடைப்பு முழு அடைப்பாக கன நேரம் செல்லாது.

அந்த அன்ரிபயோட்டிக் கதையும் சொல்லத்தான் வேணும். சின்ன வயசு, நடு வயசுப் பூனைகளுக்கு மூத்திரப்பை அழற்சி வாறதுக்கு கிருமி காரணமா இருக்கிறது குறைவு. கூடுதலா காரணம் எண்டு ஒண்டும் பிடிபடாத வகைதான், மன அழுத்தத்தோட தொடர்பு, அது பெரும்பாலும் ஒரு கிழமைக்குள்ள தன்பாட்டில குறையும், ஊசி போட்டாலும் போடாட்டியும். பத்து வயசுக்கு மேற்பட்ட பூனைகள், சீனி வருத்தம் கிட்னி வருத்தம் உள்ளதுகள், அதுகளுக்குத்தான் கிருமி கூட வாறது. அதால ஊசிக்கு முன்னுக்கு மூத்திரத்த ரெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க, கேக்கிறதில தப்பில்ல.

உவர்மலை_சிங்கன்_வீடு:
உங்க எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டே தெரியல்ல. போன் பண்ணி ஒரு டொக்டர் வரச் சொன்னார், உடன கொண்டு போனம். பை தோடம்பழம் அளவுக்கு இறுகி இருந்ததாம். ரத்தம் எடுத்துப் பாத்தார், பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது, முதல் அதுக்கு மருந்து குடுத்துத்தான் மயக்கி கதீற்றர் போட்டார். மூத்திரம் ரத்த நிறத்தில வந்தது, அதப் பாத்து அம்மா அழுதுட்டா. இப்ப சேலைன் ஓடுது, ரெண்டு மூண்டு நாள் அங்கயே வைச்சிருக்கணுமாம். கல்லு இல்ல, பளிங்குத் தூள்தான் எண்டார், பேர் ஸ்ட்ரூவைட். வீட்டுக்கு வந்தா என்ன செய்யணும், திரும்ப வருமா?

பாலையூற்று_அக்கா:
அப்பாடா, இப்பதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்ப வரலாம் தங்கச்சி, மறைக்கிறதில பிரயோசனம் இல்ல, முதல் ஒண்டு ரெண்டு கிழமைதான் கவனமா இருக்க வேண்டிய காலம். கதீற்றர் எடுத்த பிறகு தன்பாட்டில நல்லாப் பெய்யுறத டொக்டர் கண்ணால பாத்த பிறகுதான் கூட்டிக்கொண்டு வாங்க. வீட்டில ஒரு தனி அறையில மண் பெட்டியோட விடுங்க, ஒரு நாளைக்கு எத்தனை ஈரக்கட்டி, எவ்வளவு பெரிசு எண்டு பாருங்க. சின்னச் சின்னக் கட்டி கன தரம் எண்டா கெட்டது, பெரிய கட்டி ரெண்டு மூண்டு எண்டா நல்லது. வலிக்கும் குழாய் தசை இளகவும் மருந்து தந்தா சொன்ன நாளுக்கு முழுசாக் குடுங்க, துள்ளித் திரியிறான் எண்டு இடையில நிப்பாட்ட வேணாம்.

மிச்சம் எல்லாம் தண்ணிதான். மூத்திரம் தடிப்பா இருக்கும் மட்டும் தூள் படியும், தண்ணியா இருந்தா படியாது. பக்கெட்டில வாற காய்ஞ்ச சாப்பாட்டில ஈரம் 10 சதவீதம் அளவுதான், அவிச்ச மீனிலயோ டின் சாப்பாட்டிலயோ 70க்கு மேல. பூனை தாகம் எண்டு தேடிக் குடிக்கிற சாதி இல்ல, சாப்பாட்டோடதான் உள்ள போகணும். மீன் அவிச்ச தண்ணிய, உப்பு மசாலா போட முன்னுக்கு எடுத்து ஆறவைச்சு, சாப்பாட்டோட கலந்து ஊத்துங்க, எங்கட வீட்டில எல்லாரும் கோப்பைய நக்கி முடிப்பாங்க. கருவாடு வேணாம். ஸ்ட்ரூவைட் எண்டா அதுக்கெண்டே விசேஷ சாப்பாடு இருக்கு, டொக்டர் எழுதித் தந்தா அத மட்டும் குடுங்க, இடையில மீன் துண்டு போட்டா அதுட வேலை கெட்டுரும். ஒக்சலேட் எண்டு இன்னொரு வகை இருக்கு, அது சாப்பாட்டில கரையாது, அதால ரெஸ்ட் பண்ணிப் பேர் தெரிஞ்சது உங்கட நல்ல காலம்.

கிண்ணியா_பூனை_நேசன்:
அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தி. கிணத்துத் தண்ணியாலதான் இது வாற எண்டு எங்கட பக்கம் சொல்லுவாங்க, தண்ணிய மட்டும் குறை சொல்ல ஏலாது, ஆனா உவர்த்தண்ணிய பூனை குடிக்காம விட்டா அதுவே பிரச்சினைதான், நல்ல தண்ணி வைச்சுப் பாருங்க, சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில இல்லாம தள்ளி, ரெண்டு மூண்டு இடத்தில.

மற்றது மாரி. ஐப்பசி கார்த்திகையில மழை தொடங்கினா வெளிய போற பூனைகள் நனையப் பயந்து அடக்கி வைச்சிரிக்கும், வெளிய பெய்யுற பூனை பெய்யுதா இல்லையா எண்டே எங்களுக்குத் தெரியாது. மழைக்காலத்தில வீட்டுக்குள்ள மண் வைக்கத்தான் வேணும். காசு குடுத்து வாங்கத் தேவையில்ல, அரிச்ச ஆத்து மண் போதும், நாளுக்கு ஒருக்கா அள்ளிருங்க.

உவர்மலை_சிங்கன்_வீடு:
எங்கட வீட்டில இன்னொரு பெட்டைக் குட்டியும் வந்து ஒரு மாசம் ஆகுது, ஒரே பெட்டிதான் ரெண்டுக்கும். அதாலயும் வருமா?

பாலையூற்று_அக்கா:
அது பெரிய காரணமா இருந்திருக்கலாம். ரெண்டு பூனைக்கு மூண்டு பெட்டி வைங்க, ஒரே மூலையில அடுக்காம வேற வேற அறையில. குட்டி வாசல்ல நிண்டா சிங்கன் உள்ள போக மாட்டான், சண்டையே பிடிக்காது, பாத்துக்கொண்டு மட்டும் இருக்கும், நாங்க சமாதானமா இருக்கினம் எண்டு நினைப்பம். சாப்பாட்டுக் கோப்பையும் ரெண்டு. சிங்கனுக்கு ஏறி ஒளிக்க அலுமாரிக்கு மேல ஒரு பெட்டி. கோணேசர் நகர்வலம் வாற நாளில ஸ்பீக்கரும் வெடியும் எண்டா ரெண்டையும் உள் அறையில விட்டு யன்னலப் பூட்டுங்க. இவ்வளவும் செஞ்சும் திரும்பத் திரும்ப அடைச்சா, குழாய்ட ஒடுங்கின நுனிய எடுத்து வழிய அகலமாக்கிற ஒப்பரேஷன் இருக்கு, அத டொக்டர் பிறகு பாப்பார். இப்ப ஆள் வீட்ட வந்து முதல் ஈரக்கட்டி எப்ப கண்டனீங்க எண்டு எழுதுங்க, நான் பாத்துக்கொண்டு இருப்பன்.