டகாலோக் வினைச்சொல் ஃபோகஸ், யாராவது புரிய வைங்க ப்ளீஸ்

வணக்கம் மக்களே, மணிலாவுக்குப் படிக்க வந்து அஞ்சு மாசம் ஆச்சு, இங்க பேசுற டகாலோக் மொழி ஓரளவு காதுல விழுது ஆனா வாக்கியத்துல எது முக்கியம்னு வினைச்சொல்லே காட்டுற இந்த ஃபோகஸ் விஷயத்துல அப்படியே நிக்கிறேன். 'பிலி'னா வாங்குறது. நடுவுல 'உம்' நுழைஞ்சு 'புமிலி' ஆனா வாங்குனவங்க மேல ஃபோகஸ், 'இன்' நுழைஞ்சு 'பினிலி' ஆனா வாங்குன பொருள் மேல, ஃபோகஸ்ல இருக்கறதுக்கு முன்னாடி 'ஆங்' வரும். இதுவரைக்கும் ஓகே.

நேத்து ரூம்மேட் கிட்ட அந்த மீனை வாங்கிட்டேன்னு சொல்ல 'புமிலி' போட்டேன், அவங்க பொறுமையா 'பினிலி கோ ஆங் இஸ்டா'ன்னு திருத்துனாங்க ('கோ'னா நான், 'இஸ்டா'னா மீன்). அப்பதான் தோணுச்சு, நம்ம 'மீன் வாங்கினேன்', 'மீனை வாங்கினேன்' வித்தியாசம் மாதிரியே இருக்கேன்னு, அவ்ளோ சந்தோஷம்!

ஆனா மாட்டுறது இங்கதான். வாங்குறதுக்கு 'பில்ஹின்', கொடுக்குறதுக்கு 'இபிகாய்', தட்டு கழுவுறதுக்கு 'ஹுகாசான்', மூணுலயும் ஃபோகஸ் பொருள் மேலதானே, அப்புறம் ஏன் ஒண்ணுல கடைசியில 'இன்', ஒண்ணுல முன்னாடி 'இ', ஒண்ணுல கடைசியில 'ஆன்'? பொருள் நம்மகிட்ட வருதா, போகுதா, மேலாப்புல மட்டும் தொடுறோமான்னு ஏதாவது கணக்கு இருக்கா, இல்ல ஒவ்வொரு வினையா மனப்பாடம்தானா? ஏற்கனவே டகாலோக் கத்துக்கிட்டவங்க எப்படி பிடிச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க, அடுத்த வாரம் டெஸ்ட் வேற இருக்கு.