கிரானில் ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்க வேண்டும், எப்படி?

கேள்வி:
சர்வரில் இரவு மூன்று வேலைகள் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) வழியாக ஓடுகின்றன. 1:00 மணிக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டம்ப் (தரவு முழுவதையும் கோப்பாக எழுதுவது), 1:30-க்கு அதைச் சுருக்கும் ஸ்கிரிப்ட், 2:00 மணிக்கு ஆர்சிங்க் வழியாக இன்னொரு சர்வருக்கு நகல். தரவுத்தளம் பெருத்துவிட்டதால் டம்ப் இப்போது அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. பாதி எழுதிய கோப்பையே அடுத்த ஸ்கிரிப்ட் சுருக்குகிறது, ஆர்சிங்க்கும் அதைப் பத்திரமாக அனுப்பிவைக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கிரான்டாபில் (கிரானின் வேலைப் பட்டியலில்) வரிகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. டம்ப் போஸ்ட்கிரெஸ் பயனராகவும் மற்ற இரண்டும் ரூட்டாகவும் (நிர்வாகிப் பயனர்) ஓட வேண்டும்.

மறுமொழி 1:
இடைவெளியைக் கூட்டிவிடுங்கள். சுருக்குவதை 3:00 மணிக்கும் நகலை 5:00 மணிக்கும் வைத்தால் போதுமே.

மறுமொழி 2:
அது நோயைத் தள்ளிப்போடும், தீர்க்காது. கிரானுக்கு வரிசை என்ற ஒன்றே தெரியாது. நிமிடம் வந்ததும் வேலையைக் கிளப்பிவிடும். முந்தையது முடிந்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்காது. கிரான்டாபில் எந்த வரி மேலே இருக்கிறது என்பதை நம்பியும் பயனில்லை. இடைவெளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், டம்ப் ஒரு நாள் தோற்றுவிட்டால் என்ன ஆகும்? நேற்றைய கோப்பு மறுபடியும் சுருங்கி, புதுத் தேதியோடு போய்ச் சேரும். தாமதத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

கிரானுக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். ரூட்டாக ஓடும் ஒரு ஸ்கிரிப்டில் மூன்றையும் && போட்டுக் கோத்துவிடுங்கள். அரைப்புள்ளி வேண்டாம், அது முந்தையது தோற்றாலும் அடுத்ததை ஓட்டும். டம்ப் வரியை மட்டும் ரன்யூசர் கட்டளையால் போஸ்ட்கிரெஸ் பயனராக ஓட்டலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டம்ப்பை நேராக பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) வழியாக ஜீஜிப் என்ற சுருக்கும் நிரலுக்கு அனுப்பினால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் பார்ப்பது கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான். டம்ப் நடுவில் செத்தாலும் ஜீஜிப் ஒழுங்காக முடித்தால் எல்லாம் வெற்றி என்றே கணக்கு. உங்கள் ஷெல் பாஷ் என்றால் ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயிலை (பைப்பில் எது தோற்றாலும் முழுவதும் தோல்வி என்று கொள்ளும் அமைப்பு) இயக்கிவிடுங்கள். அப்புறம், டம்ப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுங்கள். இறுதிப் பெயரில் கோப்பு இருந்தால் அது முழுக் கோப்பு என்று நம்பலாம்.

மறுமொழி 3:
ஃப்ளாக் (கோப்பைப் பூட்டும் கட்டளை) போட்டால் போதாதா? மூன்று வரிகளும் ஒரே பூட்டைக் கேட்கட்டும்.

மறுமொழி 2:
ஃப்ளாக் நல்ல கருவிதான், ஆனால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. டம்ப்புக்கு முன்பே சுருக்கும் வேலை பூட்டைப் பிடித்துவிட்டால்? டம்ப் தோற்றாலும் பூட்டு திறந்துவிடும், அடுத்தது உள்ளே போய்விடும். நேற்றைய ஓட்டம் முடியாமலே இன்றையது தொடங்குவதைத் தடுக்க, கோத்த ஸ்கிரிப்ட் முழுவதற்கும் ஒரே ஃப்ளாக் போடுங்கள். அங்கே அது பொருந்தும்.

கேட்டவர்:
ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது, நன்றி. ஆனால் எது தோற்றது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நடத்தும் நிரல்) டைமரில் முடியுமா?

மறுமொழி 4:
முடியும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்வீஸ் யூனிட் (எதை, எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு) எழுதுங்கள், யூசர்= வரியில் அதனதன் பயனரைக் கொடுங்கள். சுருக்கும் யூனிட்டில் டம்ப்பின் பெயரை ரிக்வயர்ஸ்= (இது கட்டாயம் தேவை), ஆஃப்டர்= (இதற்குப் பிறகு) இரண்டிலும் எழுதுங்கள். நகல் யூனிட்டில் அதேபோல் சுருக்கும் யூனிட்டின் பெயர். டைமர் நகல் யூனிட்டுக்கு மட்டும்தான்! அது கிளம்பும்போது மற்ற இரண்டையும் தானே இழுத்து வந்து வரிசைப்படி ஓட்டும். ஒன்று தோற்றால் அதற்கு அடுத்தது தொடங்காது.

ஆஃப்டர்= மட்டும் எழுதிவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. அது வரிசையை மட்டும்தான் சொல்லும், யாரையும் எழுப்பாது. மூன்றுக்கும் தனித்தனி டைமர் வைத்தாலும் கிரான் கதைதான்; டம்ப் யூனிட் அந்த நேரத்தில் தொடங்கிக்கொண்டிருந்தால் தவிர ஆஃப்டர்= எதற்காகவும் காத்திருக்காது.

யூனிட்டில் டைப்=ஒன்ஷாட் (ஓடி முடித்த பிறகே தொடங்கியதாகக் கணக்கு) கட்டாயம். அதை விட்டால் புரோசஸ் கிளம்பிய உடனேயே "தொடங்கிவிட்டது" என்று கணக்கு வைத்து அடுத்ததை விட்டுவிடும். ரிமெயின்ஆஃப்டர்எக்சிட்டை இயக்காதீர்கள், முதல் இரவுக்குப் பிறகு டம்ப் யூனிட் இன்னும் உயிரோடு இருப்பதாகவே நினைத்து மறுநாள் அதை ஓட்டாது.

சிஸ்டம்டி பதிப்பு 249 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆன்சக்சஸ்= (வெற்றியாக முடிந்ததும் அடுத்த யூனிட்டைக் கிளப்பும் வரி) கிடைக்கும். டைமரை டம்ப்பில் வைத்து முன்னோக்கிக் கோக்கலாம். வாசிக்க எளிது, எனக்கு இதுதான் பிடிக்கும். ஆன்ஃபெயிலியர்=-ல் மின்னஞ்சல் அனுப்பும் யூனிட்டைக் கொடுத்தால் தோல்வி சத்தமில்லாமல் போகாது. எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஜர்னல்சிடிஎல்-இல் (சிஸ்டம்டியின் பதிவுகளைக் காட்டும் கட்டளை) யூனிட் பெயர் கொடுத்துப் பார்க்கலாம்.

கேட்டவர்:
249-க்குக் கீழேதான் இருக்கிறது, அதனால் ரிக்வயர்ஸ்= வழிதான். டம்ப்பை வேண்டுமென்றே தோற்கவைத்துப் பார்த்தேன், மற்ற இரண்டும் அசையவில்லை.

மறுமொழி 2:
நல்லது. கிரான்டாபில் பழைய வரிகள் மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் பயனருக்குத் தனி கிரான்டாப் இருக்கும், அதையும் சேர்த்து.