வாரம் 5 நாள் பர்கர், எடை மட்டும் ஏறவில்லை: நிஜமாகவே கெடுதலா?

இரவுப்பணிக்காரன் (கேள்வி):

வயது 34. ஐந்து வருடமாக இரவுப்பணி. இரண்டு மணிக்குத்தான் இடைவேளை. அந்த நேரத்தில் பக்கத்தில் திறந்திருப்பது ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடை மட்டும். வாரத்தில் ஐந்து நாளும் அங்கேதான்: இரட்டைச் சீஸ் பர்கர், பெரிய ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், பெரிய கோலா. காரில் உட்கார்ந்தபடியே எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, ஒருநாள் கைப்பேசியில் நேரம் பார்த்தேன்.

உயரம் 175 செ.மீ., எடை 68 கிலோ. கல்லூரியில் போட்ட பேன்ட் இன்னும் சரியாக இருக்கிறது. அதனால் இதைப் பற்றி யோசித்ததே இல்லை. போன வாரம் அலுவலகத்தில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள கொழுப்பு) 238, எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கான பரிசோதனை) 52, எச்பிஏ1சி (சர்க்கரைக்கான பரிசோதனை) 5.8. மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "சாப்பாடு வெளியிலா?" என்று மட்டும் கேட்டார்.

மனைவி அன்றிலிருந்து என்னை நோயாளியாகவே நடத்துகிறாள். கூட வேலை செய்பவனோ, "ஒல்லியா இருக்கற உனக்கு என்னடா பயம்" என்கிறான். யார் சொல்வது சரி? எல்லாமே விஷம் என்ற பதில் வேண்டாம். எல்லாம் அளவோடு இருந்தால் நல்லது என்ற பதிலும் வேண்டாம். அந்த அளவு எவ்வளவு என்பதுதானே என் கேள்வியே.

பழைய ஃபிரையர்:

மூன்று வருடம் இப்படிப்பட்ட ஒரு கடையின் சமையலறையில் நின்றவன் நான். கடையின் பெயர் வேண்டாம்.

ஃபிரைஸைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற எண்ணெய் அது. உறைந்த கிழங்கைக் கூடையில் கொட்டி எண்ணெயில் இறக்குவோம், மூன்று நிமிடத்தில் மணி அடிக்கும், தூக்கி உதறி, மேலே உப்பைத் தூவுவோம். அந்த உப்பு நாக்கில் உடனே தெரிந்துவிடும். தெரியாத உப்புதான் வில்லங்கம். பன்னில் உப்பு உண்டு, கூடவே கொஞ்சம் சர்க்கரையும். சீஸ் துண்டில் உப்பு, ஊறுகாய் வெள்ளரியில் உப்பு, சாஸில் இரண்டுமே. இறைச்சியைத் தட்டில் போட்டதும் மேலே இன்னொரு தூவல். இத்தனையையும் அடுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால், சாப்பிடுகிறவருக்கு உப்பு கரிக்கவே கரிக்காது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது. சோடியமாகப் பார்த்தால் 2,000 மில்லிகிராம். உங்கள் இரண்டு மணிச் சாப்பாடு ஒன்றே அதில் பாதியைத் தாண்டிவிடும். கடையின் இணையதளத்தில் சோடியம் என்ற வரிசையைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

எண்ணெய் பற்றியும் கேட்பீர்கள். எங்கள் கடையில் தினமும் வடிகட்டுவோம், சோதனைப் பட்டை வைத்து நிறம் பார்ப்போம். ஆனால் கூட்டம் அலைமோதும் வார இறுதியில் மேலாளர் "இன்னைக்கு ஓட்டிடு" என்பார், ஓட்டிவிடுவோம். பழைய எண்ணெயில் பொரித்த ஃபிரைஸ் சீக்கிரம் கருக்கும், ஆறினால் ஒரு சிக்கு வாடை வரும். அப்படி வந்தால் சாப்பிடாதீர்கள்.

சும்மா வந்தவன்:

நான் இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஃபிரையர்:

கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் சார்?

சும்மா வந்தவன்:

செய்ததில்லை.

கணக்குப்பிள்ளை:

அளவு எவ்வளவு என்று கேட்டீர்கள். அதற்குக் கொஞ்சமாவது பதில் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்து, 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஃபாஸ்ட்ஃபுட் கடைக்கு வாரம் ஒரு தடவைகூடப் போகாதவர்களோடு ஒப்பிட்டால், வாரம் இரண்டு தடவைக்கு மேல் போனவர்களுக்கு 4.5 கிலோ எடை கூடுதலாக ஏறியிருந்தது. இன்சுலின் எதிர்ப்பும் (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை) இரண்டு மடங்கு அதிகமாகக் கூடியிருந்தது. கடைக்கு அடிக்கடி போகிறவர்களின் மற்றப் பழக்கங்களும் வேறாகத்தானே இருக்கும் என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான். இப்படிப் பின்தொடர்கிற ஆய்வை மட்டும் வைத்து, பர்கர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத முடியாது.

அதனால்தான் 2019-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் செய்தது எனக்குப் பிடிக்கும். 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடையும் ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. அது முழுக்க ஃபாஸ்ட்ஃபுட் கிடையாது, சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்கள் அந்த உணவை வேகமாகவும் சாப்பிட்டார்கள். உங்கள் எட்டு நிமிடத்தைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. போதும் என்ற உணர்வு வரவே பதினைந்து இருபது நிமிடம் ஆகும். நீங்கள் அதற்குள் காரைக் கிளப்பியிருப்பீர்கள்.

கோலாவை மறந்துவிட்டேன். 330 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டொன்பது தேக்கரண்டி. நீங்கள் குடிப்பது பெரிய கோப்பை. பனிக்கட்டியைக் கழித்தாலும் டின்னைவிடக் கூடத்தான் இருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதம் என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். இந்தச் சாப்பாட்டில் எதையாவது ஒன்றை நிறுத்து என்று என்னிடம் கேட்டால், பர்கரை விட்டுவிட்டு கோலாவைத்தான் கைகாட்டுவேன்.

ஆய்வகத்து அக்கா:

தம்பி, ஒரு கேள்வி. ரத்தம் கொடுத்தது எத்தனை மணிக்கு?

இரவுப்பணிக்காரன்:

பணி முடிந்த கையோடு, காலை எட்டு மணிக்கு. வெறும் வயிறுதான் அக்கா, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆய்வகத்து அக்கா:

இரண்டு மணிக்கு பர்கரும் கோலாவும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வெறும் வயிறு என்கிறீர்களே! ஆறு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. இரவுப்பணியில் இருந்து வருகிறவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள், எழுதிக்கொள்பவரும் "ஃபாஸ்டிங்" என்று டிக் அடித்துவிடுகிறார். டிரைகிளிசரைடு கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி, பல மணி நேரம் கழித்துத்தான் இறங்கும். 12 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் மறுபடி கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்கலாம், பட்டினியோடு தாகத்தையும் ஏன் சேர்க்கிறீர்கள்?

ஆனால் உடனே குதிக்க வேண்டாம். எச்பிஏ1சி நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பார்ப்பதில்லை, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நீங்கள் அதன் வாசலில் காலை வைத்துவிட்டீர்கள். எஸ்ஜிபிடியும் பல ஆய்வகங்கள் போடும் எல்லைக்குக் கொஞ்சம் மேலே. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படியும். பேன்ட் அளவு அதைக் காட்டாது. ஸ்கேன் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், இங்கே வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

சும்மா வந்தவன்:

அக்கா, பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் பட்டினி என்றீர்கள்?

இரவுப்பணிக்காரன்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். விடுமுறை நாளில், 12 மணி நேரம் சாப்பிடாமல் கொடுத்தேன். டிரைகிளிசரைடு 176. 150-க்குள் இருக்க வேண்டும், இல்லை. ஆனாலும் 238 இல்லையே! எஸ்ஜிபிடி 49. மருத்துவரிடம் ஆறு மணி நேரக் கதையைச் சொன்னேன், சிரித்தார். ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம். எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பார்ப்பாராம்.

கோலாவை நிறுத்திவிட்டேன். முதல் மூன்று நாள் நாலு மணிக்குத் தலைவலி. பழகிய காஃபின் போனதுதான் என்று நினைக்கிறேன். நான்காம் நாள் சரியாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் கடை, மூன்று நாள் வீட்டிலிருந்து டப்பா என்று ஒப்பந்தம். டப்பா நாட்களில் காரில் சாப்பிடுவதில்லை, மேலே ஓய்வறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். 19 நிமிடம் ஆகிறது.

ஃபிரையர் அண்ணா, சோடியம் வரிசையைப் பார்த்தேன். பர்கரும் பெரிய ஃபிரைஸும் சேர்த்து 1,640 மில்லிகிராம். மனைவியிடம் இன்னும் காட்டவில்லை.

பழைய ஃபிரையர்:

கெட்சப்பைச் சேர்த்தீர்களா?

இரவுப்பணிக்காரன்:

அதற்குத் தனி வரிசையா?