புதுப்பிப்பு: மைனஸ் 15 டிகிரியில் பிரிஸ்கெட்

மினசோட்டாவின் ஜனவரிக் குளிரில், விருந்தினருக்காக ஆறு கிலோ பிரிஸ்கெட்டை (மாட்டின் நெஞ்சுக்கறி) வெளியே வைத்துப் புகையில் வேகவைக்க முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முடிந்தது.

எதிரி குளிரல்ல, காற்றுதான். அடுப்பைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அந்த விளையாட்டே வேண்டாம். வெளியே காற்று மறைவாக ஓரிடம் பார்த்து வைத்து, வெல்டிங் வேலைக்கான தீத்தாங்கும் போர்வையைச் சுற்றினேன், காற்றுத் துளைகளை மட்டும் மூடாமல். 120 டிகிரி செல்சியஸ் பிடித்து நின்றது. கரிதான் கோடையைவிட ஏகமாகச் செலவானது. மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவது பெரும்பாடு.

கறியின் உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் அசையாமல் நின்றபோது வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. கறியின் மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் அது. மேற்புறம் கருகருவென்று இறுகியதும் கறிக்கடைத் தாளில் சுற்றினேன். அதற்குமேல் புகை பெரிதாக ஏறப்போவதில்லை என்பதால், ஓவனுக்கு மாற்றச் சொன்ன யோசனையை மறுபேச்சின்றி ஏற்றேன். உள்வெப்பம் 95 டிகிரியானபோது, வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்த கம்பி தடையின்றி இறங்கியது.

கறியைத் துவாலையில் பொதிந்து ஐஸ் பெட்டிக்குள் (ஐஸ் இல்லாமல்தான்) வைத்ததால், பனியில் தாமதமாக வந்தவர்களுக்கும் சூடாகவே கிடைத்தது. நறுக்கும்போது நாருக்குக் குறுக்கே நறுக்குங்கள். கொழுப்பு மிகுந்த பகுதியில் நார் வேறு திசையில் ஓடும், அங்கே கறியைத் திருப்பிவைக்க வேண்டும். மிச்சத்தை என்ன செய்தாய் என்று கேட்டவருக்கு: ஓரத்துண்டுகூட மிஞ்சவில்லை.