அம்பிகாபதிக்கு ஒரு குலை குறைகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போட 35 நிமிட நகைச்சுவை நாடகம் தயாராகிறது. அம்பிகாபதி – அமராவதி கதைதான், ஆனால் செம்பனைத் தோட்டத்தில் நடக்கிறது. சோழன் இங்கே துரை, அதாவது தோட்ட நிர்வாகி. அமராவதியை மணக்க அம்பிகாபதி பாட வேண்டிய, காதல் கலக்காத 100 பாட்டுக்குப் பதில் 100 செம்பனைக் குலை. கதையில் காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி, 100 முடிந்ததென்று அமராவதி அவசரப்பட்டாள், பாடியது 99தான். இங்கே கிராணி (தோட்டக் கணக்கர்) ஒரு பச்சைக் குலையைக் கழித்துவிடுகிறார்.

ஒத்திகையில் அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எண்ணிக்கை பார்ப்பவர் மனத்தில் நிற்காததுதான் காரணம். கரும்பலகையில் எழுதினால் நாலாவது வரிசைக்குத் தெரியவில்லை. கிராணி உரக்க எண்ணினால் காதல் வசனம் அமுங்கிப்போகிறது. பத்துக்கு ஒரு மணி அடித்தால் போதுமா?

குலையிலும் சிக்கல். அசல் குலை 15, 20 கிலோ வரும், முள் வேறு. பாலிஸ்டைரீனில் செய்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் குழி குழியாகக் கரைகிறது. தண்ணீர்ப் பெயிண்ட் தாங்குகிறது, ஆனால் விளக்கடியில் கேரட் மாதிரி தெரிகிறது. பழுத்த நிறத்துக்கு எதைக் கலக்கலாம்?

முடிவில் மரண தண்டனைக்குப் பதில் லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) காலி செய்ய 24 மணி நேர நோட்டீஸ். பெரியவர்கள் இதற்குச் சிரிப்பார்களா, முகம் சுருங்குமா? அமராவதியின் கடைசிப் புலம்பலை மட்டும் கேலி செய்யாமல் விடலாம் என்று தோன்றுகிறது. மேடை அனுபவம் உள்ள அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.